எழுதியவர்: ஹரிபிரசாத்

ஜனவரி 5, திங்கள்

கம்பெனியில் சேர்ந்து இன்றோடு எட்டு மாதம். நூற்றெழுபது புரோகிராம் ஃபைல் எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூட என் பெயர் இல்லை.

பாலிடெக்னிக் முடித்துப் பயிற்சிக்கு வந்த எங்களுக்குச் சாம்பல் நிறக் கழுத்துப்பட்டை. நிரந்தர ஊழியர்களுக்கு நீலம். சாம்பல் பட்டைக்கு லாகின் கிடையாது. நாங்கள் எழுதியதை எங்கள் பொறுப்பாளர் ஹரிபிரசாத் அண்ணாவிடம் கொடுப்போம், அவர் தன் கணக்கில் ஏற்றுவார். எந்த நிரலாக இருந்தாலும் உச்சியில் நான்கு வரி இருந்தாக வேண்டும்: ஃபைல் பெயர், எழுதியவர், தேதி, எதற்காக. இரண்டாவது வரியில் அவர் பெயரை நானே அடிக்கிறேன். ஆங்கிலத்தில்தான். தமிழில் சொன்னால், எழுதியவர்: ஹரிபிரசாத். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "கிளையன்ட்கிட்ட இன்ஜினியர் எழுதறாங்கன்னு சொல்லித்தான் புராஜெக்ட் வாங்கியிருக்கு. நீ டிப்ளமோ" என்றார். கெட்ட மனுஷன் இல்லை. அதுதான் கோபத்தைக் கிளப்புகிறது.

மாலையில் எச்.ஆர். சுபத்ரா மேடம் எங்களை அழைத்தார். தொழிற்பயிற்சியில் இருப்பவர்களுக்கு மட்டும் மாநில அளவில் நிரல் எழுதும் போட்டி. முதலில் ஆன்லைன், பிறகு மண்டலம், கடைசியாகச் சென்னை. முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் கம்பெனி நிரந்தரமாக்கும். மற்ற சாம்பல் பட்டைகள் மார்ச் 31-ஓடு வீட்டுக்கு. போன வருடம் பதினொரு பேர் வந்தார்கள், பதினொரு பேரும் போனார்கள்.

பெயர் கொடுத்தேன். வெறியெல்லாம் இல்லை. சும்மாதான்.

ஜனவரி 6, செவ்வாய்

விண்ணப்பம் நிரப்பினேன். பெயர்: கோகிலவாணி. வயது: 20. தகப்பனார்: இல்லை. தாயார்: மயிலாத்தாள். தாயாரின் தொழில் என்று ஒரு கட்டம். 'தனியார் நிறுவனம்' என்று எழுதினேன். பொய் இல்லை.

கேஸ் தீர்ந்துவிட்டது. மின்சார அடுப்பில் சோறு.

ஜனவரி 8, வியாழன்

காலையில் ஒரு நிறுத்தம் முன்பாகவே இறங்கி நடந்தேன். உடம்புக்கு நல்லது.

பெண்கள் கழிவறைக் கதவுக்குப் பின்னால் ஒரு தாள் தொங்கும். மணிக்கொரு கட்டம், சுத்தம் செய்ததற்கு ஒரு கையெழுத்து. ஜெபசீலி அதைப் பார்த்துவிட்டு, "யாரு இந்த ஜி. குமரேசன்? ஒரு நாள் விடாம வேல பாக்காரே" என்றாள். ஜெபசீலியும் சாம்பல் பட்டைதான், நாசரேத்துக்காரி, விடுதியில் இருக்கிறாள்.

"அது சூப்பர்வைசர். காலைல வந்ததும் எல்லாக் கட்டத்துலயும் ஒரே மூச்சுல கையெழுத்துப் போட்டு, கழுவற அக்காகிட்டக் குடுத்து மாட்டச் சொல்லீருவாரு. அவரு இதுக்குள்ள வந்ததே இல்ல."

"ஒனக்கு எப்டிட்டி தெரியும்?"

"தெரியும்" என்றேன்.

ஜனவரி 19, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்தது. நீலப் பட்டைகளுக்குக் கம்பெனி கொடுத்த இனிப்புப் பெட்டியில் மிச்சமிருந்ததை எங்கள் மேசையில் வைத்தார்கள். ஜெபசீலி சாப்பிட்டாள். நான் தொடவில்லை. பிறகு ஒன்று சாப்பிட்டேன். பாதுஷா.

டீக்குப் பி கட்டடத்துப் பக்கம் போகலாம் என்றாள். வெயிலாக இருக்கிறது என்றேன். ஜனவரியில்.

ஜனவரி 24, சனி

ஆன்லைன் சுற்று. விடைகளை மட்டும் பதிவேற்றினால் போதும். ஐந்து கணக்கில் ஐந்தும் சரி. மேற்கு மண்டலத்தில் நாற்பது பேர் தேர்வு, நான் ஆறாவது. ஜெபசீலிக்கு மூன்றுதான் வந்தது. "நீ போயிட்டு வாட்டி. நா ஒனக்குக் கைதட்டுறதுக்கு இருக்கேன்" என்று சிரித்தாள். கழிவறைக்குப் போய் வெகுநேரம் கழித்து வந்தாள்.

அம்மாவிடம் சொன்னேன். "நாப்பதுல ஆறாவதா? அப்ப முன்னால அஞ்சு பேரு இருக்கறாங்களா?" என்றாள். என் கோபம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டாம்.

பிப்ரவரி 7, சனி

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மண்டலப் போட்டி, ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில். நான்கு மணி நேரம். அவர்கள் கொடுத்த கணினி, இணையம் கிடையாது. பால் வண்டிகளுக்கு வழி பிரித்துக் கொடுக்கும் நிரல் எழுத வேண்டும். மூன்று மணி நேரம் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். எல்லாச் சோதனையிலும் தேறியது, திரை முழுக்கப் பச்சை. சாப்பிடப் போனேன். தயிர்சாதம், உருளைக்கிழங்கு.

இரண்டு மணிக்கு ஒலிபெருக்கியில் என் பெயர். மாடியில் ஒரு சின்ன அறை. மூன்று நடுவர்கள். நடுவில் பேராசிரியை மங்கையர்க்கரசி, கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றி வைத்திருந்தார். என் நிரல் பெரிய திரையில்.

"ஹரிபிரசாத் யாரும்மா?"

எனக்கு முதலில் புரியவில்லை. திரையைப் பார்த்தேன். உச்சியில் நான்கு வரி. இரண்டாவது வரியில் அவர் பெயர். நானே அடித்திருக்கிறேன். அடித்த நினைவே இல்லை.

"அடுத்தவங்க எழுதினத மனப்பாடம் பண்ணீட்டு வந்து எறக்கி வெச்சிருக்க. அப்படித்தான?" என்றார் இடப்பக்கம் இருந்தவர். "பேரைக்கூட மாத்தாம."

"இல்லீங்க சார். நாந்தான் எழுதுனன்."

"அப்பறம் இந்தப் பேரு?"

வெளியே போய் ஒரு போன் செய்ய அனுமதி கேட்டேன். ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். சுபத்ரா மேடத்திடம் சொன்னேன். "பாரும்மா, ஏதோ நண்பர் பேரு, விளையாட்டா போட்டேன்னு சொல்லிடு. ஆபீஸ் நடைமுறை எதையும் அங்க பேசாத. புரியுதா? தகுதி நீக்கம் பண்ணாலும் பரவால்ல" என்றார். பரவாயில்லையாம். அவருக்கு.

திரும்பி வந்து உண்மையைச் சொன்னேன். சாம்பல் பட்டை, லாகின் இல்லை, இன்ஜினியர் பெயர், ஒன்பது மாதம், எல்லாம். இடப்பக்கத்துக்காரர், "நல்ல கதை" என்றார்.

மங்கையர்க்கரசி மேடம் நாற்காலியைக் காட்டினார். "வண்டியில எடம் பத்தலேன்னா மிச்சப் பாலை எப்படிப் பிரிக்கறது? அந்தப் பகுதிய மட்டும் புதுசா எழுது. இருபது நிமிசம். நாங்க பாத்துட்டிருக்கறோம்."

உட்கார்ந்தேன். வெற்றுத் திரை. கையில் ஈரம், துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன். அடிக்க ஆரம்பித்தேன். முதல் வரி முடிந்தது, இரண்டாவது முடிந்தது, மூன்றாவதில் தேதி போட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் யாரோ 'அடப்பாவி' என்று மெதுவாகச் சொன்னார்கள்.

நிமிர்ந்து பார்த்தேன். எழுதியவர்: ஹரிபிரசாத். மறுபடியும்.

அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். அதற்குள் மேடம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கிவிட்டது. இடப்பக்கத்துக்காரரைப் பார்த்து, "மனப்பாடம் பண்ணுனவளுக்கு இது வருமா சார்? பழகுன கையிக்குத்தான் வரும்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மேல எழுதும்மா. அந்த வரிய அழிக்காத. அப்படியே இருக்கட்டும்."

பதினான்கு நிமிடத்தில் முடித்தேன். இடப்பக்கத்துக்காரர் கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் சொன்னேன். கடைசியில் அவரே எழுந்து கதவைத் திறந்துவிட்டார்.

மண்டலத்தில் இரண்டாம் இடம். சென்னைக்குப் போகிறேன்.

பிப்ரவரி 9, திங்கள்

சுபத்ரா மேடம் கண்ணாடி அறைக்குள் அழைத்து முக்கால் மணி நேரம் பேசினார். போட்டிக் குழுவிலிருந்து கம்பெனிக்குக் கடிதம் வந்திருக்கிறது. பயிற்சியாளர்களின் வேலை யார் பெயரில் பதிவாகிறது என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். "வளத்து விட்ட எடத்தையே அசிங்கப்படுத்திட்ட" என்றார். சென்னைக்குப் போகக் கம்பெனியின் சம்மதக் கடிதம் வேண்டும். தர மாட்டார்களாம்.

வளர்த்துவிட்டார்களாம். ஒன்பது மாதம் என்னை விற்றார்கள்.

பிப்ரவரி 11, புதன்

மதியம் வளாக வாசலில் ஜெபசீலியோடு நின்றிருந்தேன். எதிரே அம்மா, சீருடையில், இரண்டு பெண்களோடு. என்னைப் பார்த்தாள். தலைத்துண்டைச் சரிசெய்வதுபோலச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு கடந்து போனாள்.

வீட்டில் இருவரும் அதைப் பேசவில்லை. புளிக்குழம்பு.

பிப்ரவரி 13, வெள்ளி

ஹரி அண்ணா மூன்று நாளாக என்னிடம் பேசவில்லை. இன்று மதியம் என் மேசைக்கு வந்து நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"விதிமுறைய முழுசா படிச்சயா வாணி?"

"படிச்சனுங்கண்ணா."

"படிக்கல. சம்மதக் கடிதத்துல நிறுவனத் தலைவர் அல்லது பயிற்சிப் பொறுப்பாளர் கையெழுத்துன்னு போட்டிருக்குது. பொறுப்பாளர் நாந்தான்."

கடிதத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டிருந்தார்.

"உங்களுக்குப் பிரச்சினை வராதுங்களா?"

"வரும்" என்றார். "நான் சேந்தப்ப மொத ரெண்டு வருசம் எழுதுனதெல்லாம் ஜேம்ஸுன்னு ஒருத்தர் பேர்ல இருக்குது. அவரு இப்பக் கனடால. நான் அதக் காட்டி ஒரு இன்டர்வியூகூடப் போக முடியல." பிறகு, "இந்த ஒரு தாள்லயாவது என்ற பேரு சரியான எடத்துல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நன்றி சொல்லவில்லை. ஒன்பது மாதக் கோபம் ஒரு கையெழுத்தில் போகாது. திங்கட்கிழமை சொல்லலாம்.

பிப்ரவரி 16, திங்கள்

சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

குக்கர் வாஷர் மாற்றினேன். சென்னைக்குக் கூட வருகிறேன் என்றாள் அம்மா. லீவு கேட்டுவிட்டாளாம். அங்கே உள்ளே விடமாட்டார்கள், வெளியே வெயிலில் நிற்க வேண்டியிருக்கும் என்றேன்.

"அப்பச் சரி சாமி. பத்தரமாப் போயிட்டு வா" என்றாள். எனக்கு ஒரு புது கர்ச்சீப் வாங்கி வைத்திருந்தாள்.

விதிமுறையை இந்த முறை முழுதாகப் படித்தேன். ஒரு போட்டியாளரோடு ஒருவர் உள்ளே வரலாம் என்று பதினேழாவது வரியில் இருக்கிறது.

பிப்ரவரி 28, சனி, சென்னை

ரயிலில் வந்த களைப்பு இன்னும் போகவில்லை. ஆனாலும் எழுதியாக வேண்டும்.

பெரிய மண்டபம், இருபத்து நான்கு மேசை. எட்டரைக்குக் கேள்வித்தாள். ஒரு பெரிய கட்டடத்தின் துப்புரவு வேலையைக் கவனிக்க ஒரு செயலி. எந்த மாடி, எந்தக் கழிவறை, எத்தனை மணிக்குச் சுத்தமானது என்று நிர்வாகத்துக்குத் தெரிய வேண்டும். ஐந்து மணிக்குள் ஓடிக் காட்ட வேண்டும்.

தாளைப் படித்துவிட்டு ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் விசைப்பலகையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் அரை மணி நேரம் வாடிக்கையாளராக இருக்கும் நடுவரிடம் கேள்வி கேட்கலாம். என்ன நிறம், எத்தனை மொழி, அறிக்கை மாதத்துக்கா வாரத்துக்கா என்று கேட்டார்கள். நான் எழுந்தேன்.

"வேலை செய்யறவங்க கையில போன் இருக்குங்களா?"

"எல்லார்கிட்டயும்தான் போன் இருக்கே" என்றார் நடுவர்.

"இருக்குங்க. வேலைக்குள்ள போகும்போது சூப்பர்வைசர் வாங்கிப் பெட்டில போட்டுருவாருங்க. உங்க கட்டடத்துல எப்படிங்க?"

அவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ பேசினார். "நீங்க சொல்ற மாதிரியே வெச்சுக்கங்க" என்றார்.

மற்ற இருபத்து மூன்று பேரும் ஆளுக்கொரு போனில் ஓடும் செயலி செய்தார்கள். நான் துடைப்பம், பினாயில் வைக்கும் அறைக் கதவில் மாட்டும் ஒரே ஒரு திரைக்குச் செய்தேன். ரப்பர் கையுறையோடு தொட்டாலும் வேலை செய்ய வேண்டும், அதனால் பொத்தான் உள்ளங்கை அளவு. அடித்தளத்தில் சிக்னல் வராது, அதனால் பதிவை வைத்திருந்து பிறகு அனுப்பும். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்காகப் பெயரோடு முகப் படமும். கழுவி முடித்தவர் திரையில் தன் படத்தைத் தொட்டால் பதிவாகும். மேற்பார்வையாளர் பார்க்கலாம், சரியில்லை என்று குறிக்கலாம், ஆனால் அவர் கணக்கிலிருந்து வேறொருவருக்காகப் பதிவு போட முடியாது. அதை மட்டும் மூன்று முறை சோதித்தேன்.

உச்சியில் நான்கு வரி. இரண்டாவது வரிக்கு வந்ததும் கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்தேன்.

ஐந்தரைக்கு ஒவ்வொருவராக மேடைக்கு. நேரலை கேமரா எதிரே. என் முறை வந்தது. ஓடிக் காட்டினேன். ஒரு நடுவர் தன் பைக் கையுறையை மாட்டிக்கொண்டு தொட்டுப் பார்த்தார். பதிவானது.

"மேற்பார்வையாளர் ஏன் பதிவு போடக்கூடாது? அவர்தானே பொறுப்பு?"

"இப்ப அவருதாங்க போடறாரு. காலைலயே நாள் முழுசுக்கும் போட்டுருவாரு. அதனாலதாங்க உங்களுக்கு எந்தக் கழிவறைய எப்பக் கழுவுனாங்கன்னு தெரியாம, எங்ககிட்டச் செயலி கேட்டிருக்கீங்க."

மண்டபத்தில் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு, "இவ்வளவு விவரம் எப்படிம்மா தெரிஞ்சுது?" என்றார்.

ஜெபசீலியிடம் சொன்னதுபோல 'தெரியும்' என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. நேரலையில் ஆபீஸ் மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்கும்.

"என்ற அம்மா இந்த வேலைதாங்க செய்யறாங்க. பேரு மயிலாத்தாள். நான் புரோகிராம் எழுதற அதே வளாகத்துல, பி கட்டடத்துல. ஒம்பது வருசமா."

மைக்கில் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. இன்னொன்றும் சொன்னேன். "கூட வர்றேன்னு சொன்னாங்க. நாந்தான் வேண்டாம்னுட்டன்."

ஏழு மணிக்கு முடிவு அறிவித்தார்கள்.

முதலிடம்.

மார்ச் 1, ஞாயிறு

வீட்டுக்கு வந்தேன். கோப்பையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதில் தூசி படியாமல் இருக்கப் பால் கவரை வெட்டிப் போர்த்தினாள் அம்மா. நேரலையைப் பக்கத்து வீட்டு போனில் பார்த்தாளாம்.

"அத்தன பேருக்கு முன்னால என்ற பேரச் சொல்லிப்போட்ட" என்றாள்.

"சொல்லக்கூடாதா?"

"மயிலாத்தாள்னு முழுசாச் சொன்ன. அங்க எல்லாரும் மயிலுன்னுதான் கூப்புடறாங்க." அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "வாசல்ல உள்ள விடமாட்டாங்கன்னு சொன்னயே, அது பொய்யின்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

தேங்காய் துருவிக் கொடுத்தேன்.

மார்ச் 2, திங்கள்

ஆறு மணி வண்டியில் அம்மாவோடு போனேன். வளாக வாசலிலேயே இறங்கினேன். இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் என்ன செய்வது? அம்மாவோடு டீ குடித்தேன்.

ஜெபசீலி வந்ததும், "உங்கிட்டச் சொல்லாம இருந்தது தப்புதான்" என்று ஆரம்பித்தேன்.

"எனக்கு அக்டோபர்லயே தெரியும்ட்டி. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணு போல கால அகட்டி நடப்பிய. நீயா சொல்லுதியான்னு பாத்தேன். வெயிலாம் வெயிலு."

பத்து மணிக்குச் சுபத்ரா மேடம் பூங்கொத்தோடு வந்தார். போட்டோகிராபர், கேக், நீலப் பட்டை. "எங்க பொண்ணு" என்றார் எல்லோரிடமும். பட்டையைக் கையில் வாங்கிக்கொண்டேன், கழுத்தில் போடவில்லை.

"போட்டோவுக்குப் போட்டுக்கோம்மா."

"போட்டுக்கறனுங்க மேடம். சாம்பல் பட்டைக்காரங்க எழுதுனது எல்லாத்துலயும் அவங்கவங்க பேரு வந்ததும்."

போட்டோகிராபர் கேமராவை இறக்கினான். போட்டிக் குழு கேட்ட விளக்கத்துக்கு இன்னும் கம்பெனி பதில் அனுப்பவில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சுபத்ரா மேடம் சிரித்தபடியே, "அதெல்லாம் ரொம்ப நாளாகும்" என்றார்.

பின்னாலிருந்து ஹரி அண்ணா, "ரெண்டு நாள் போதுங்க மேடம்" என்றார்.

மார்ச் 4, புதன்

இரண்டு நாள் ஆகவில்லை. ஒன்றரை. என் பெயரில் நூற்றுத் தொண்ணூற்றாறு ஃபைல், ஜெபசீலி பெயரில் நூற்றுப் பதினெட்டு. ஜெபசீலியின் வேலை மார்ச்சுக்குப் பிறகு உறுதியில்லை, அதற்காகச் சண்டை இன்னும் பாக்கி. ஆனால் இனி எங்கே போனாலும் இது நான் எழுதியது என்று அவள் காட்டலாம். தன் பெயர் வந்த முதல் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு, "எம்மா, இதுல எவ்ளவு தப்பு இருக்கு. இத ஹரி அண்ணா பேர்லயே விட்டுருக்கலாம்" என்றாள்.

நீலப் பட்டையைப் போட்டுக்கொண்டேன். கழுத்து அரிக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

மாலை டீக்கு அம்மா வாசலுக்கு வரத் தாமதமானது. பி கட்டடத்துக்குப் போனேன். மூன்றாம் மாடியில் இருக்கிறாள் என்றார்கள். கழிவறைக்குள் போனேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கதவுக்குப் பின்னால் தாள். எட்டு மணி, ஜி. குமரேசன். ஒன்பது, பத்து, பதினொன்று, எல்லாம் ஜி. குமரேசன். ஆனால் மூன்று மணி வரை ஒவ்வொன்றின்மேலும் நீல மையில் ஒரு கோடு. பக்கத்தில், எட்டு கட்டத்திலும், சாய்ந்தும் நிமிர்ந்தும் பெரிய எழுத்தில்: மயிலாத்தாள்.

"சூப்பர்வைசர் பாக்கலயாம்மா?"

"பாத்தான். யாரக் கேட்டு எழுதுனன்னு கத்துனான்."

"நீ என்ன சொன்ன?"

அம்மா துணியை வாளியில் நனைத்துப் பிழிந்தாள்.

"நாந்தான கழுவுனன், அப்பறம் யாரக் கேக்கோணும்னன்."

பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். மணி நான்கு. கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, கதவில் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.